வெல்லக்கட்டி என்று நான் சொன்னது

1985

ஏப்ரல் 15, திங்கள்

ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று. காலைப் பால் 71 லி. மாசியில் நூறுக்குக் குறைந்ததில்லை. மாடுகளைக் குறை சொல்ல முடியாது. வேர்க்கடலைக் கொடி தீர்ந்துவிட்டது, பச்சை என்பது வாய்க்கால் ஓரத்தில்கூட இல்லை. வெறும் வைக்கோல். வைக்கோலைத் தின்றுவிட்டுப் பால் கறக்கச் சொன்னால் நானும்தான் கறக்க மாட்டேன்.

பதினொரு மணிக்குப் பால் ஒன்றியத்து அதிகாரி. ஜீப். சாக்கு மூட்டைக்குள் ஐந்து கட்டிகள், செங்கல்லைவிடப் பெரியவை, ஒவ்வொன்றும் மூன்று கிலோ. பழுப்பு நிறம், பாகு வாசனை. மாடு நக்குவதற்காம். முதலில் நான் செயலாளராக இருக்கிற நம் பால் சங்கத்தில் சோதனை. பலன் இருந்தால் தாலுகா முழுக்க.

உள்ளே இருப்பவை: கரும்பாலைப் பாகு, தவிடு, உப்பு, தாதுத்தூள், இறுகுவதற்கு ஏதோ ஒன்று, யூரியா.

யூரியா என்றதும் நிமிர்ந்தேன். "பயிருக்குப் போடற யூரியாவா சார்?"

"அதேதான்யா. மாட்டு வயித்துல கண்ணுக்குத் தெரியாத உயிரு கோடிக்கணக்குல இருக்குது. அதுங்க யூரியாவ எடுத்துப் புரதம் பண்ணும். வைக்கோலும் நல்லா செரிக்கும். ஆனா கொஞ்சம் கொஞ்சமாத்தான் போவணும். ஒரேயடியாப் போச்சுன்னா விஷம். அதுக்குத்தான் கல்லு மாதிரி இறுக்கிக் குடுத்திருக்கோம். நக்கித்தான் தின்ன முடியும்."

போகும்போது அச்சடித்த காகிதம் ஒரு கட்டு. வீட்டுக்கு ஒன்று கொடுத்துப் படித்துக் காட்ட வேண்டுமாம். படித்துக் காட்டினால் ஒருத்தரும் வாங்க மாட்டார்கள். இரண்டு வருஷம் முன்பு மேட்டுத் தெருவில் மூன்று ஆடுகள் யூரியாச் சாக்கை மேய்ந்து செத்தன. அதிலிருந்து யூரியா என்று வாயைத் திறந்தாலே எல்லாரும் மாட்டை இழுத்துக்கொண்டு போகிறார்கள். காகிதக் கட்டு மேஜை டிராயரில்.

ஒரு யோசனை வந்திருக்கிறது. என் யோசனைகள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பிரியம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

கொடுத்தாகிவிட்டது. "சத்து வெல்லக்கட்டி. கவர்மெண்டு குடுக்குது. தீனித் தொட்டியில வையுங்க, மாடு நக்கட்டும்" என்றேன். அவ்வளவுதான். பத்து நிமிஷத்தில் ஐந்தும் போயிற்று. யூரியா என்ற பேச்சே எழவில்லை. "இன்னா செகரட்ரி, நமக்கும் கொஞ்சம் உடைச்சிக் குடேன், டீக்குப் போட்டுக்கலாம்" என்று வரிசையில் ஒரு குரல். ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

வாங்கியவர்கள்:
மேட்டுத் தெருவில் மூன்று வீடு. மூன்றும் கறவை.
கன்னியம்மா. ஜெர்சிக் கலப்பு, கறுப்பு. நிறைமாத சினை. புருஷன் கோவிந்தன் டேனரியில் தோல் ஊறவைக்கிற இடத்தில் வேலை.
நூர்ஜஹான். சிவப்பு மாடு, இதுவும் சினை, அடுத்த வாரம் கன்று போடும்.

சரோஜாவிடம் பெருமையாகச் சொன்னேன். "மனுசங்ககிட்ட சொல்லாம மாட்டுக்கு இன்னாத்துக்கு வைக்கறீங்க?" என்றாள். பள்ளிக்கூட டீச்சரைக் கட்டினால் வீட்டிலும் கேள்விதான்.

ஏப்ரல் 18, வியாழன்

காலைப் பால் 74. மாலை 58. மேட்டுத் தெரு மூன்று வீட்டிலும் அரை லிட்டர், முக்கால் லிட்டர் ஏற்றம். இரண்டே நாளில்! ஒருவேளை கண்பிரமை. இல்லை, அளவுக் குடுவைக்குக் கண் இல்லை.

பாலில் தண்ணீர் பார்க்கிற லாக்டோமீட்டர் ஒன்று கைதவறி உடைந்தது. பேரணாம்பட்டு டெம்போ இன்றும் முக்கால் மணி நேரம் தாமதம், பால் கேன் வெயிலில் நின்றது. சரோஜாவுக்குப் பல்வலி, கிராம்பு.

அதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். "விவசாயிகள் ஆர்வத்துடன் ஏற்றுக்கொண்டனர்" என்று ஒரு வரி. நல்ல வரி.

ஏப்ரல் 20, சனி

எழுதவே கை வரவில்லை. வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடியும்போது கன்னியம்மாவின் மாடு கன்று போட்டது. கிடேரி. ஏழு மணிக்கு ஒரு சொம்பில் சீம்பால் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். ஒன்பதரைக்குத் திரும்பி ஓடி வந்தாள். முந்தானை தரையில். "சார், மாடு நடுங்குது சார், வந்து பாருங்க சார்."

நான் டாக்டர் இல்லை. இருந்தாலும் ஓடினேன். மாடு நின்றபடி உடம்பெல்லாம் துடிக்கிறது, தோலுக்குள் எலி ஓடுகிற மாதிரி. வாயில் நுரை. இடது வயிறு உப்பி நிற்கிறது. ஒரு தரம் கத்தியது, அந்த மாதிரிக் கத்தல் நான் கேட்டதில்லை. கீழே விழுந்தது. கால் நான்கும் விறைத்தன. கோவிந்தன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தர் வேப்பெண்ணெய், ஒருத்தர் முட்டை, ஒருத்தர் சூடு போடு என்கிறார்.

மாட்டின் மூச்சில் நெடி. மூக்கைத் துளைக்கும் காரநெடி, கண் எரிந்தது. கோவிந்தன்தான் முதலில் சொன்னான். "எங்க ஷாப்புல வர்ற வாசனை இது. சுண்ணாம்புத் தொட்டி தாண்டி, அந்தப் பக்கம் வரும். அதே வாசனை. டேனரித் தண்ணியக் குடிச்சிருக்குது."

அப்போதுதான் பக்கத்தில் இருந்த கழனித் தொட்டியைப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீர். அடியில் உடைந்த கட்டி, பாதி கரைந்து.

கேட்டேன், மெதுவாக. கன்னியம்மா அழுகைக்கு நடுவில் சொன்னாள். "கன்னு போட்ட மாட்டுக்கு வெல்லம் குடுக்கணும் இல்ல சார். நீங்க குடுத்தத நக்க விடாம எடுத்து வெச்சிருந்தேன். கடப்பாறையால உடைச்சி, சுடுதண்ணில ஊறப்போட்டுக் குடுத்தேன். ஆசையா குடிச்சுது சார்."

இந்த ஊரில் கன்று போட்ட மாட்டுக்கு முதல் ஆகாரமே வெல்லம்தான். எல்லா வீட்டிலும். எனக்குத் தெரியும். என் அம்மாவும் கொடுத்திருக்கிறாள். ஆனால் தெரிந்தது நினைவுக்கு வரவில்லை.

பத்தேகாலுக்கு மாடு செத்தது. எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். நான் தொட்டியைக் காலால் கவிழ்த்தேன். கட்டித் துண்டுகளை எருக்குழியில் தள்ளினேன். ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்த ஒரே ஆள் கன்னியம்மா. "நல்லது சார், அந்தத் தண்ணிய வேற மாடு குடிச்சிடப் போவுது" என்றாள். டேனரிக் கழிவு கலக்கிற கிணற்றுத் தண்ணீரைச் சொல்கிறாள்.

சீம்பால் வீட்டில் இருந்தது. சரோஜா திரட்டிவைத்திருந்தாள். வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

மாட்டு டாக்டர் இன்று காலைதான் வந்தார். மூன்று ஊருக்கு ஒருத்தர். "எங்கய்யா மாடு? அறுத்துப் பாக்கலாம்" என்றார். மாடு ஏது? நேற்று மத்தியானமே தோல் உரிக்க ஆள் வந்து, சாயங்காலத்துக்குள் தோல் உப்புப் போட்டு மண்டிக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் மாடு செத்தால் அழுது முடிவதற்குள் தோல் போய்விடும். மீதியைப் புதைத்துவிட்டார்கள். "அப்ப எதைத் திறந்து பாக்கறது?" என்று டாக்டர் கை கழுவாமலே சைக்கிளில் ஏறினார்.

போகும்போது என்னிடம், "தீனி ஏதாவது மாத்தினாங்களா?" என்றார்.

"தெரியல டாக்டர்."

எழுத்தில் பார்க்கும்போது இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

மத்தியானம் டிராயரைத் திறந்து காகிதத்தைப் படித்தேன். முன்பக்கம் படம், மாடு, பால். பின்பக்கம் பொடி எழுத்தில் எச்சரிக்கை. நீரில் கரைத்துத் தரக் கூடாது. உடைத்துத் தரக் கூடாது. தவறி அதிகம் தின்றால் உடனே வினிகர் அல்லது புளித்த மோர், புளிக்கரைசல், நிறைய குளிர்ந்த நீர். பின்பக்கத்தை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

ஏப்ரல் 22, திங்கள்

கா. 69. மா. 52. எப்படி அளந்தேன் என்று தெரியவில்லை.

இன்றைய வேலை: கட்டிகளைத் திரும்ப வாங்குவது. காரணம் ஒன்று தயார் செய்தேன். சரக்கு சரியில்லை, ஒன்றியம் திருப்பிக் கேட்கிறது. மேட்டுத் தெருவில் மூன்றும் கிடைத்தன. "பால் ஏறிச்சே சார்" என்று ஒருத்தர் முணுமுணுத்தார். உண்மைதான், ஏறியது. ஒழுங்காக நக்கவிட்ட மூன்று மாடும் நன்றாகத்தான் இருக்கின்றன. அதுதான் எனக்கு ஆத்திரம். கட்டியில் குற்றமே இல்லை.

நூர்ஜஹான் கொடுக்கவில்லை.

"எதுக்கு அண்ணா திருப்பிக் குடுக்கணும்? கன்னு போட்டதும் குடுக்கலாம்னு துணியில சுத்தி மேல வெச்சிருக்கேன்."

"அப்படிக் குடுக்கக் கூடாதும்மா. அது... சூடு."

"கன்னு போட்ட மாட்டுக்கு சூடுதானே அண்ணா வேணும்?"

என் பொய்க்கு அவள் சொன்ன பதிலில் ஒரு பிழையும் இல்லை. யூரியா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் தூக்கி எறிந்திருப்பாள். அடுத்த நிமிஷம், அப்படியானால் கன்னியம்மா மாடு செத்தது எதனால் என்று கேட்டிருப்பாள். "சரி, நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கோழை.

ஏப்ரல் 23, செவ்வாய்

கோவிந்தனும் தெருக்காரர்கள் இருபது பேரும் சங்கத்துக்கு வந்தார்கள். கலெக்டருக்கு மனு. டேனரிக் கழிவு நீர் கிணற்றில் கலந்து மாடு செத்தது, நடவடிக்கை வேண்டும். சங்கச் செயலாளர் கையெழுத்து இருந்தால்தான் மதிப்பாம்.

கிணற்றில் டேனரித் தண்ணீர் கலப்பது பொய் இல்லை. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, துணி மஞ்சள் ஏறும். பத்து வருஷமாக இந்த மனுவைப் போட்டிருக்க வேண்டும். எனக்குள் ஒருத்தன் இப்படியே வாதாடிக்கொண்டிருந்தான். பேனாவை எடுத்தேன். கை நன்றாகவே எழுதியது. ரப்பர் ஸ்டாம்பும் குத்தினேன்.

சரோஜா கேட்டாள், "நீங்க இன்னா சாப்பிடவே மாட்றீங்க?" வெயில் என்றேன்.

நூர்ஜஹான் வீட்டுக்குப் போனேன். கதவு பூட்டு, கட்டி உள்ளே. ஆம்பூரில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். மாட்டைப் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். மாட்டின் மடி இறங்கியிருக்கிறது. கன்று போட இன்னும் இரண்டு நாள், மூன்று நாள்.

ஏப்ரல் 24, புதன்

மனு விஷயம் டேனரிக்கு எட்டிவிட்டது. மேனேஜர் கோவிந்தனைக் கூப்பிட்டு, "எங்க சோத்தையும் தின்னுட்டு எங்க மேலயே எழுதறியா?" என்று கேட்டிருக்கிறார். நாளையிலிருந்து வர வேண்டாமாம். பதினாலு வருஷ வேலை. கோவிந்தன் சங்க வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்தான். கை முழுக்க சுண்ணாம்பு தின்ற வெடிப்பு.

"போனா போவுது சார். மாட்டக் கொன்னவன்கிட்ட கை கட்டி நிக்கறதுக்கு, கூலிக்கு மண்ணு வெட்டலாம். நீங்க கையெழுத்துப் போட்டீங்களே, அது போதும்."

அவனை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் டெம்போக்காரன் வந்து ஹாரன் அடித்தான். கேன் ஏற்றப் போனேன். ஏற்ற ஐந்து நிமிஷம் ஆகும். நான் அரை மணி நேரம் ஏற்றினேன். திரும்பும்போது அவன் இல்லை.

கிடேரிக் கன்றுக்குக் கன்னியம்மா பாட்டிலில் பால் கொடுக்கிறாள். நம் சங்கத்துப் பாலைத்தான் வாங்கிப் போகிறாள். பால் ஊற்றிக்கொண்டிருந்தவள் பால் வாங்க வரிசையில்.

ஏப்ரல் 25, வியாழன்

மாலை நாலேகால். பால் வரிசை, ஏழெட்டு பேர். நூர்ஜஹானின் பக்கத்து வீட்டுக்காரி கேனை வைத்துவிட்டு, "நூர்ஜஹான் மாடு கன்னு போட்ருச்சு. காளை. அவங்களும் ஆம்பூர்லேர்ந்து வந்துட்டாங்க, வெல்லத் தண்ணி வெச்சிக்கினு இருக்காங்க" என்றாள்.

குடுவையைப் போட்டுவிட்டு ஓடினேன். செருப்பு ஒன்று வழியில் போயிற்று. என் வயதில் யாரும் அந்தத் தெருவில் அப்படி ஓடியதில்லை, என் பின்னால் வரிசையே ஓடி வந்தது.

மாடு பக்கெட்டில் வாயை வைத்திருந்தது. பாதி குடித்தாகிவிட்டது. பக்கெட்டைப் பிடுங்கிக் கொட்டினேன். நூர்ஜஹான் பதறினாள். "இன்னா அண்ணா பண்றீங்க!" மாட்டைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், தப்பித்தோம் என்று நினைத்தேன். தப்பித்தது மாடா நானா என்று கேட்காதே. அப்புறம் காது துடித்தது. தோள்பட்டை துடித்தது.

பின்னால் கோவிந்தன் குரல், அவனும் ஓடி வந்திருக்கிறான். "அதே மாதிரிதான்! டேனரித் தண்ணிதான்! எண்ண கொண்டாங்க, எண்ண!"

ஒருத்தி எண்ணெய் எடுக்க ஓடினாள். அந்த இடத்தில் வேறு வழி இல்லை. எண்ணெய்க்குப் போனவளை நிறுத்த வேண்டும், மோருக்கு அனுப்ப வேண்டும், ஏன் என்று கேட்பார்கள்.

"எண்ண வேணாம்! டேனரித் தண்ணி இல்ல! அந்தக் கட்டில யூரியா இருக்குது! புளிச்ச மோரு கொண்டாங்க, எல்லார் வூட்லேர்ந்தும்! புளி கரைங்க! பச்சத் தண்ணி! வினிகர் இருந்தா வினிகர்!"

நூர்ஜஹான்தான் முதலில் அசைந்தாள். "வினிகர்னா சிர்காதானே? இருக்குது" என்று உள்ளே ஓடி இரண்டு பாட்டில் எடுத்து வந்தாள். தங்கை புருஷனுக்கு ஆம்பூரில் ஓட்டல், நல்லவேளை. மோர் நான்கு வீட்டிலிருந்து வந்தது. ஒரு வீட்டு மோர் மூன்று நாள் புளிப்பு, நாற்றம், அதுதான் வேண்டும். மூங்கில் குழாயில் ஊற்றி ஊற்றிப் புகட்டினோம். புரையேறாமல், கொஞ்சம் கொஞ்சமாக. மாட்டின் தலையைப் பிடித்துத் தூக்கியது கோவிந்தன். என் முகத்தைப் பார்க்கவில்லை. வேலையை விடவும் இல்லை. அப்புறம் பச்சைத் தண்ணீர், குடம் குடமாக.

ஆறு மணிக்குத் துடிப்பு குறைந்தது. ஆறரைக்குச் சாணி போட்டது. மாடு சாணி போட்டதற்கு நான் அழுதேன் என்று எழுதிவைக்கிறேன்.

மாடு தன் கன்றைத் திரும்பி நக்கியதும் கோவிந்தன் தலைக்கயிற்றை விட்டுவிட்டு என்னிடம் வந்தான்.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

இத்தனை வருஷமாக என்னை 'நீங்க' என்றவன்.

"தெரியும்."

"மனுவுல கையெழுத்துப் போட்டப்ப?"

"தெரியும்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டான். கூட்டமும் போயிற்று. காளைக் கன்று எழுந்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தது, பக்கத்தில் நானும் நூர்ஜஹானும் மட்டும். "போங்க அண்ணா, வூட்டுக்குப் போங்க" என்றாள்.

சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன். கேள்வியே கேட்கவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

புழுக்கம். மேகம் இருக்கிறது, மழை இல்லை. காலைப் பால் 23 லி. பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் ஊற்றியதும் திரும்பிவிட்டார்கள்.

நூர்ஜஹான் மாடு வைக்கோல் கடிக்கிறது.

பத்து மணிக்கு டேனரி மேனேஜரிடம் போனேன். மாடு செத்தது என்னால், கோவிந்தன் மேல் தப்பு இல்லை என்று சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். கிணற்றைப் பற்றி இனி யார் மனு போட்டாலும் இந்தக் காகிதத்தைக் காட்டுவார். தெரிந்தேதான் கொடுத்தேன். கோவிந்தன் வேலை? "பாக்கலாம்" என்றார்.

ஒன்றியத்துக்கும் எழுதினேன். காகிதத்தை நான் விநியோகிக்கவில்லை, கட்டியில் குறை இல்லை, செயலாளர் பொறுப்பிலிருந்து விடுவிக்கவும். ஆள் வரும்வரை நான்தான் அளக்க வேண்டும். அச்சடித்த காகிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். மேட்டுத் தெருவில் ஒருத்தர் மட்டும் உட்காரச் சொன்னார்.

மாலை. வரிசையில் ஐந்தாவதாகக் கன்னியம்மா, கன்றுக்குப் பால் வாங்க. அவள் முறை வந்தது. பாத்திரத்தை நீட்டினாள். ஊற்றினேன். நகரவில்லை. திட்டப் போகிறாள், திட்டட்டும் என்று தலையைக் குனிந்து நின்றேன்.

"நேத்து நூர்ஜஹான் மாட்டுக்கு மோருதான் குடுத்தீங்களாமே?"

"ஆமாம்மா. புளிச்ச மோரு."

"அந்த மோரு அன்னிக்கு எங்க வூட்ல ஒரு பானை இருந்துச்சு சார்."

அவ்வளவுதான் சொன்னாள். பின்னால் நின்றவர் கேனை நீட்டினார். வாங்கி அளந்தேன்.